பஸ்ஸில் கிடைத்த முதல் வாசகி

நான் நாவல் எழுதுவது நஞ்சன்கூடு – மைசூரு பஸ்ஸில்.

அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது குழந்தைகள் இரண்டும் தூங்கிவிடும். எனக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். கைகள் அவர்களைப் பிடித்திருப்பதால், கதையை வாயால் சொல்வேன்; போன் எழுதிக்கொள்ளும்.

பஸ் முழுக்கக் கன்னடம். நம் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்.

இன்று என் கதாநாயகி தேவகி புருஷனோடு சண்டை போடும் இடம். உணர்ச்சி பொங்கச் சொன்னேன்: "உங்க சோறும் வேணாம், உங்க வீடும் வேணாம். என் பிள்ளைங்களை நானே வளர்த்துக்கிறேன்!"

முன்சீட்டு அக்கா சட்டென்று திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நானும் தமிழ்தான் கண்ணு, ஊரு ஹனூரு. மொதல்ல போனை வையி. ரெண்டு புள்ளைங்கள வெச்சுட்டு எங்க போவ? எங்க ஊட்டுக்கு வா."

"அக்கா, இது... நான் எழுதுற கதைக்கா."

என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கதையா! எனக்கு இன்னும் நெஞ்சு படபடங்குது."

இறங்கும்போது விரலை நீட்டி எச்சரித்தார்: "கதைன்னாலும் செரி, அவளத் திருப்பி அவங்கிட்ட அனுப்பிப்போடாத."

பரிசு வாங்கிய எழுத்தாளர்களே, உங்கள் கதாநாயகிக்கு யாராவது வீடு கொடுக்க முன்வந்திருக்கிறார்களா? என்னுடையவளுக்கு வந்தார்கள்!

ஒரே சிக்கல். கடைசி அத்தியாயத்தில் தேவகி திரும்பிப் போவதாக ஏற்கெனவே எழுதிவிட்டேன். அடுத்த வாரமும் இதே பஸ்.

முடிவை மாற்றவா, இல்லை ரயிலுக்கு மாறவா? நீங்களே சொல்லுங்கள்.