இலை துடைக்க வந்தவள்

எண்ணூர் போகும் வழியில் இருந்த எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எல்லையம்மன் வந்து தோட்டவேலை பார்த்தாள் என்று இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எங்கள் வாசலைத் தாண்டினார்கள். எனக்கு எட்டு வயது. பெருமை தாங்கவில்லை.

தோட்டம் போட்டது அக்காவுக்காக. அவளுக்குப் பதினான்கு வயது, சின்ன வயதிலிருந்தே வீசிங். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கடைக் கீரையில் என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ என்று அம்மாவுக்குப் பயம். ஹார்பரில் லோடு ஏற்றும் அப்பா, காசிமேட்டிலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளை வாங்கி வந்தார். அம்மா அவற்றின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் சாணியும் நிரப்பி, எதை எங்கே வைப்பது என்று மாடியில் நடந்து நடந்து யோசித்தாள். வெயில் விழும் பக்கம் வெண்டையும் கத்தரியும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கற்பூரவல்லி. சளிக்கு நல்லது என்று தூதுவளையைக் கொடிக்கம்பியில் ஏற்றிவிட்டாள். பெட்டிகளில் மீன் கவுச்சி போகவே ரொம்ப நாள் ஆயிற்று.

அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் போகவே இல்லை. ராத்திரியெல்லாம் காற்றில் வந்து, விடியும்போது மாடி முழுக்க வெளுப்பாக விரிந்திருக்கும். வேலைக்குக் கிளம்புமுன் அம்மா ஈரத்துணியோடு ஏறி ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள். செடியும் மூச்சு விட வேண்டாமா என்பாள். அக்கா மட்டும் மாடிப்பக்கமே வரக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

ஒரு நாள் காலை அம்மா மேலே போனபோது எல்லா இலையும் பளிச்சென்று இருந்தது. தரையில் சாம்பல் அப்படியே கிடந்தது. அதில் ஒரு காலடி இல்லை. படிவரைக்கும் மெல்லிசாகக் கோடுகள் மட்டும் போயிருந்தன. மறுநாளும் அப்படியே. பூனையாக இருக்கும் என்றார் அப்பா.

"பூனை துணிய புயிஞ்சி தொடைக்குமா? முந்தானை இயுத்துகினு போன கோடு தெர்ல உனுக்கு?" என்றாள் அம்மா.

அன்றோடு அம்மா இலை துடைப்பதை விட்டுவிட்டாள். தெய்வம் செய்கிற வேலையில் நாம் கை வைக்கலாமா? நன்றாக வெளிச்சம் வரும்வரை யாரும் மேலே போகக்கூடாது என்று புதுச் சட்டம் வேறு. காலையில் தூதுவளைக்கு முன்னால் விளக்கு வைத்து, கீழே வீட்டுக்குள் கேட்கும்படி உரக்க வேண்டிக்கொள்வாள். தாயே, இலையைத் துடைத்ததுபோல என் பெண்ணின் நெஞ்சையும் துடைத்துவிடு, அவள் நோயை நீ வாங்கிக்கொள் என்பாள். அக்கா படுத்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு விடியற்காலையில் எனக்கு விழிப்பு வந்தது. மாடிப்படியில் யாரோ நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூடவே ஒரு விசில். அக்காவின் நெஞ்சில் கேட்கும் அதே விசில். போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். அம்மனுக்கு வீசிங் வந்துவிட்டது, அம்மா கேட்டபடியே அக்காவின் நோயை வாங்கிக்கொண்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பக்கத்தில் அக்கா படுத்திருக்கிறாளா என்று கையை நீட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் அந்த எட்டு வயதுக்காரியின் மேல் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சில நாள் கழித்து, இலைகள் துடைக்கப்படாமல் சாம்பலோடு நின்றன. வீட்டில் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்று அம்மா மாடியிலேயே உட்கார்ந்து அழுதாள். கற்பூரம் வாங்கி வர என்னை விரட்டினாள். நான் கீழே வந்தபோது அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை. நாவல்பழம் தின்றவள்போல உதடு கறுத்திருந்தது. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"நாளிக்கி நீ போய் தொடச்சிட்றி. வரசொல்லோ பெருக்கிகினே பின்னால நட, கால் தடம் தெரியாது. அம்மா அயுவுது பாரு."

காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன். சாமி வேலையை நாம் செய்தால் கண் போய்விடும் என்று அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் கூடப் போனார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். மறுநாள் விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் எங்கள் மாடிக்கு ஓடினேன். அக்கா போய்விட்ட செய்தி அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. இலைகளெல்லாம் சாம்பல் பூத்து நின்றன. அம்மனும் அக்காவுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்து, நிம்மதியாகக் கீழே இறங்கி வந்தேன்.