மார்கிரட் கடையின் ஏழு சாக்குகள்

நெடுந்தீவு இறங்குதுறைக்குக் கிட்ட கடை வைத்திருந்த மார்கிரட், கையெழுத்து வைத்தால் வைத்ததுதான். பிறகு பேச்சு மாறத் தெரியாத மனிசி. புருஷன் கடலோடு போனபின் பதினொரு வருஷம் தனியாகவே கடையை நடத்தினாள். சீனியோ கருவாடோ, பொலித்தீன் பையில் நிறுத்துப் போட்டு, வாயைச் சிவப்பு நூலால் இரட்டை முடிச்சாகக் கட்டித்தான் கொடுப்பாள். அவிழ்க்க முடியாமல் சனம் அவளைத் திட்டித் திட்டிப் பல்லால் கடிக்கும்.

2005இல் பிரதேச சபையார் தீவின் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள். பைகளைத் தின்று மாடுகள் சாகின்றன என்று முறைப்பாடு. விற்கிறவனே தன் கடைப் பைகளைத் திரும்பச் சேர்த்துக் கழுவி, சாக்கில் கட்டி, படகில் அக்கரைத் துறையான குறிகட்டுவானுக்கு அனுப்ப வேண்டும்; அங்கிருந்து லொறி ஏற்றிப்போகும். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். மற்றக் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்து வழக்கம்போலப் பைகளைக் காற்றிலே விட்டார்கள். மார்கிரட் மட்டும் பழைய பையைத் தந்தால்தான் புதுப் பை என்று நின்றாள்.

"பழைய பை எங்கை அண்ணை?"

"மறந்துபோனன் மார்கிரட்."

"அப்ப சீனியைச் சாரத்திலை கட்டிக்கொண்டு போங்கோ."

ஒரு வருஷம் சாக்குகள் ஒழுங்காகப் போயின. 2006 ஆவணியில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரும் பாதை பூட்டுப்பட்டது. படகில் ஆட்களுக்கே இடமில்லை, குப்பையை யார் ஏற்றுவார்கள்? ஒரு சாக்கு மூன்றாகி, மூன்று ஏழாகியது. எரிக்கலாமென்றால், அந்த நாளில் பெரிதாகப் புகை எழுந்தால் கடற்படைக் காவலரணிலிருந்து கேள்வி வரும். புதைக்கலாமென்றால், ஒரு முழம் தோண்ட முதலே கல். கடலிலும் கொட்ட முடியாது. "என்ர வலையிலை ஒரு பை ஏறட்டும், உன்ர கடை வாசலிலை கொண்டுவந்து கொட்டுறன்" என்று மீன்பிடிக்கிற யாகப்பு முதலே சொல்லிவிட்டான்.

ஆகவே ஏழு சாக்குகளும் கடைக்குப் பின்னால், கிணறு இருந்த கல்வேலிக்குள் ஒரு மூலையில் கிடந்தன. கடைசி மூன்று சாக்கிலும் இருந்த பைகளை அவள் கழுவவுமில்லை. அடுத்த வருஷக் கோடையில் கிணற்றில் ஊறிய நாலு வாளித் தண்ணீரைப் பைக்கு ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை, மாடுகளுக்கு வைத்தாள். சீனியும் கருவாட்டு உப்பும் பைகளில் அப்படியே ஒட்டியிருந்தன.

அதே நாட்களில் பால்மாவும் வரவில்லை. பக்கத்து வளவு நாகபூசணிக்கு மூன்று மாதப் பெண்பிள்ளை, துளசிகா. காய்ச்சல் வந்து தாய்க்குப் பால் வற்றிவிட்டது. அயலில் கறந்துகொண்டிருந்தது ஆழ்வாப்பிள்ளையின் சிவலைப் பசு ஒன்றுதான். காலையில் அரைப் போத்தல், மாலையில் அரைப் போத்தல். அதிலேதான் அந்தப் பிள்ளையின் உயிர் இருந்தது, ஊருக்கே தெரியும்.

தீவில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் கேணிகள் வற்றினால், கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் கல்வேலியில் நாலு கல்லை இறக்கி வழி விடுவார்கள். யாருடைய மாடும் வந்து தொட்டியில் குடிக்கலாம். மார்கிரட்டும் வருஷா வருஷம் விடுகிறவள். சிவலை குடிக்கட்டும், பிள்ளைக்குப் பால் சுரக்கட்டும் என்று அந்த வருஷம் மற்றவர்களுக்கு முந்தியே கல்லை இறக்கினாள். மூலையில் கிடந்த சாக்குகள் அவளுக்கு நினைவில்லை. ஐயோ, ஒரு நிமிஷம் நினைவு வந்திருக்கக் கூடாதா!

நாலாம் நாள் சிவலை தின்னவில்லை. வயிறு ஊதிப் படுத்தது, ஆறாம் நாள் செத்தது. என்ன நோயென்று பார்க்க யாகப்பு கத்தியோடு வந்து வயிற்றைக் கீறினான். தலையணை அளவில் ஒரு பொலித்தீன் திரணை வெளியே வந்தது. அதில் அங்குமிங்கும் சிவப்பு நூல்.

"உம்மட முடிச்செல்லோ பிள்ளை?" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவர் ஏசியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓம் அண்ணை," என்றாள் மார்கிரட்.

அன்று தொடங்கிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தாள். வறட்சியில் எந்த மாட்டிலும் பால் இல்லை. பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீரும் சீனித் தண்ணீரும் பருக்கினார்கள். ஒன்பதாம் நாள் வயிற்றோட்டம் கண்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இறங்குதுறைக்கு ஓடினார்கள். சோளகக் காற்று, இந்தக் கடலில் படகு எடுக்க ஏலாது என்றார்கள். விடியத் தொடங்கி மத்தியானம்வரை காத்திருந்தார்கள். பிள்ளையின் மூச்சு மார்கிரட்டின் மடியிலேதான் அடங்கியது.

"இங்கை தாங்கோ அக்கா," என்று நாகபூசணி கையை நீட்டினாள். அதற்குப்பின் அவள் மார்கிரட்டோடு கதைக்கவில்லை.

மார்கிரட் அதன்பிறகு பையைக் கையாலும் தொடவில்லை. போத்தலோ பனையோலைப் பெட்டியோ கொண்டுவந்தால்தான் சாமான். அந்தச் சிவப்பு நூற்கட்டையை அடுப்பில் போட்டாள்.

2009 கடைசியில், சண்டை ஓய்ந்தபின், கடைகளைப் பார்க்கச் சபையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தேடித் தேடிப் பார்த்தும் மார்கிரட்டின் கடையில் ஒரு பை அகப்படவில்லை. அவருக்குப் பெரிய சந்தோஷம்.

"கையெழுத்து வைச்சபடி நடந்தது இந்தத் தீவிலை உங்கடை கடை ஒண்டுதானம்மா. நற்சான்று எழுதித் தரப்போறன். எத்தினை சாக்குச் சேர்த்தனீங்கள்?"

மார்கிரட் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

"கடைசியாச் சேர்த்தது ஏழு சாக்கு ஐயா. அதுக்கு ஒரு மாடும் ஒரு பிள்ளையும் போச்சுது. மாடு ஆழ்வாப்பிள்ளையண்ணையின்ர. பிள்ளைக்குப் பேர் துளசிகா. எழுதுங்கோ."