கலியபெருமாள் வீடு வாங்கப் பயந்த கதை

1. கிளம்பாத பிளம்பர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் சிவில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குழாய் ஒழுகினாலும் கதவு இறங்கினாலும் குவார்ட்டர்ஸ்காரர்கள் எங்கள் கம்ப்ளைண்ட் ஆபீசுக்குத்தான் போன் போடுவார்கள். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். நான் கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்டேன். குவார்ட்டர்ஸ் இருக்கும்போது சொந்த வீடு எந்த முட்டாளுக்கு வேண்டும் என்று ஆபீசில் வாய் கிழியப் பேசுவேன்.

ஒரு நாள் காலை, கான்ட்ராக்ட் பிளம்பர் கலியபெருமாள் கம்ப்ளைண்ட் சீட்டை வாங்கிக்கொண்டும் கிளம்பாமல் நின்றார்.

"வடலூர் ஓனரு வூட்ட காலி பண்ணச் சொல்லிட்டாருங்க சார். அவரு பொண்ணு குடி வருதாம். நமக்கு இது நாலாவது வூடுங்க."

"அஞ்சாவதா ஒண்ணு பாரு."

"எம் பொண்டாட்டி செல்வி ஒத்துக்கல சார். குறிஞ்சிப்பாடியில ஒரு வூடு விலைக்கு வருது, அத வாங்குன்னு புடிச்சிகினு நிக்கிது. பேங்க்ல லோனுக்கும் சரின்னுட்டாங்க."

"அப்புறம் என்ன?"

அவர் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தார். "எங்க வூடும் நெலமும் நெலக்கரி மைன்ஸுக்குப் போச்சுங்க. வூடு இருந்த எடத்துல இப்ப மெஷின் ஓடுது. வாடக வூடு போனா இன்னொண்ணு புடிச்சிக்கலாம். சொந்தமா வாங்கி அதுவும் போச்சின்னா, இன்னொரு வாட்டி என்னால முடியாது சார்."

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க நானும் வருகிறேன் என்று சொன்னேன்.

2. நான் கொடுத்த ஓகே

குறிஞ்சிப்பாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார். கலியபெருமாள் உள்ளே வரவே இல்லை. தெருவில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். நானும் அவர் மனைவி செல்வியும்தான் சுற்றிப் பார்த்தோம். குவார்ட்டர்ஸ் பார்க்கிற தோரணையில் எல்லாக் குழாயையும் திறந்தேன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. "ஃபோர்ஸ் பிரமாதம். தைரியமா வாங்கலாம்" என்று ஓகே கொடுத்தேன்.

செல்வி பக்கத்து வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"சார், இந்த வூட்டு மோட்டாரு எரிஞ்சி கெடக்குதாம். நாம வர்றோம்னு பக்கத்து வூட்லேருந்து ஓஸ் பைப்பு போட்டு டேங்க ரொப்பியிருக்காங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. டவுன்ஷிப்பில் தண்ணீர் தானாக வரும். இந்தத் தண்ணீரை மேலே ஏற்றுவது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்காரர் அசடு வழிந்தார். மோட்டாரைச் சரிசெய்து, போர்வெல்லில் தண்ணீர் வருவதைக் காட்டிய பிறகுதான் அட்வான்ஸ் என்று செல்வி சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வீட்டுக்காரர் காட்டினார். தண்ணீரில் குறையில்லை.

3. வி.ஏ.ஓ. சொன்னது

கலியபெருமாளின் பயம்தான் பாக்கி. மூவரும் வி.ஏ.ஓ.வைப் போய்ப் பார்த்தோம்.

"இந்த சர்வே நம்பர் இப்ப மைன்ஸுக்கு நெலம் எடுக்குற எந்த லிஸ்ட்டுலயும் இல்லீங்க. நாளைக்கு என்ன ஆவும்னு கேட்டா, என் வூட்டுக்கே என்னால சொல்ல முடியாது" என்றார் அவர்.

வெளியே வந்ததும் கலியபெருமாள் செல்வியிடம், "பாத்தியா?" என்றார்.

செல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்குப் போவும்னு இன்னிக்கே தெருவுல நிக்கணுமா? போனது நம்ம தப்பா? புள்ளைங்க புக்க இன்னும் எத்தினி தடவதான் மூட்ட கட்றது?"

கலியபெருமாள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "சரி, ஏறு. அட்வான்ஸ் குடுத்துட்டே போவலாம்" என்றார்.

4. பலாக்கன்று

நான் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரில் வாடகைக்கு வந்த பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கலியபெருமாள் கொல்லையில் ஒரு பலாக்கன்றுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார். கொட்டை போட்டு முளைக்க வைத்ததாம்.

"ஒட்டுக் கன்னு வச்சிருந்தா சீக்கிரம் காய்ச்சிருக்குமேய்யா. இது எப்பக் காய்க்கிறது?"

"காய்க்கிறப்ப காய்க்கட்டும் சார். நாங்க எங்க போவப்போறோம்?"

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்தால் இப்போதும் ஒன்று சொல்வேன். வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறப்பதற்கு முன் மோட்டாரைப் பாருங்கள். வாடகையா சொந்தமா என்பதைப் பயத்திடம் கேட்காதீர்கள், கூட வாழ்கிறவரிடம் கேளுங்கள்.

பலாக்கன்றைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே நானும் கேட்டேன். "நாமளும் ஒரு வீடு பாப்பமா?"

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "இப்பவாவது கேட்டீங்களே" என்றாள்.