முப்பத்தோரு மார்க் நாவல்

2014 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம். நெய்வேலி டவுன்ஷிப்பில் புத்தகக் கண்காட்சி தொடங்கி அது மூன்றாவது நாள். சேஃப்டி ஷூவோடு வந்த ஒருவர் எங்கள் கடை முன்னால் நின்று, "தம்பி, அந்த முப்பத்தோரு மார்க் புக்கு ஒண்ணு குடு" என்றார். அந்த அநியாயம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இப்போதும் நான் நிஜமான கிழவன் இல்லை. ஆனால் பேருந்தில் ஏறினால் இருக்கைகளையும், கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் அப்பளங்களையும் எண்ணி முணுமுணுக்கிறவன் என்பதால், வீட்டில் அந்த வயதிலேயே 'கிழவன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடை பதினொரு சிறு பதிப்பகங்களுடையது. தனித்தனியாகக் கடை எடுக்க அவர்களுக்கு வசதி இல்லாததால், சேர்ந்து ஒன்று எடுத்திருந்தார்கள். உட்கார்ந்து விற்க அவர்களுக்குக் கிடைத்த ஆள், அம்மாவின் தம்பியான என் மாமா. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. அந்தப் பத்து நாளுக்கும் முதல் ஷிப்டைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, விடியலில் போய், மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்து கடையைத் திறப்பார். என் அப்பா பெர்மனென்ட். குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வந்து, மிளகாய் பஜ்ஜி தின்று, புத்தகம் எதையும் தொடாமல் திரும்பிப் போவார்.

மே மாதமே மாமா ஒரு அட்டைப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். உள்ளே ஒன்பது நாவல்கள். எல்லாம் அந்தச் சிறு பதிப்பகங்கள் போட்டவை. எல்லாம் அறிவியல் கதை, மாயாஜாலக் கதை.

"பெரிய கடைக்காரங்க எல்லாம் 'நாங்கள் பரிந்துரைக்கும் நூல்கள்'னு போர்டு வைக்கிறாங்க. வர்றவனுக்கு நம்பிக்கையே இல்ல. நம்ம போர்டு நெஜமா இருக்கணும். நீ படிச்சி மார்க் போடு. என்னா குறையோ அதையும் எழுது. நீ போட்டதுல ஒரு மார்க்கக்கூட நான் மாத்தமாட்டன்."

இருபத்தாறு நாள் படித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு பக்கம். விடுமுறையில் ஒரு நாள்கூடக் கிரிக்கெட் ஆடவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலிடம் தொண்ணூற்று நான்கு மார்க். வறண்ட கிணற்றில் விழும் ஒரு பெண், கிணற்றின் அடியைத் தாண்டி இன்னொரு உலகத்தின் வானத்தில் போய் விழுகிறாள். கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதை நின்றுவிடுகிறது. அடியில் பதிப்பாளர் குறிப்பு: முந்நூறு பிரதிகள் விற்றால் இரண்டாம் பாகம் வரும். அவள் விழுந்தாளா பிழைத்தாளா என்று தெரியாமல் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. யாராவது அதை வாங்கியே தீர வேண்டும். நான் பட்டியல் எழுதியதே அதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசி இடம் முப்பத்தொன்று. நிலாவில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தோண்டும் கதை. நெய்வேலியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், காடு புதைந்தால்தான் பழுப்பு நிலக்கரி. நிலாவில் ஏது காடு? இது முதல் குறை. கேண்டீனில் வாளியிலிருந்து சாம்பாரை ஊற்றுகிறார்கள், அது தட்டிலேயே விழுகிறது. பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கே உள்ள ஈர்ப்பில் அது நாலாபுறமும் தெறித்திருக்க வேண்டும். இது ஐந்தாவது. ஓரிடத்தில் குடை பிடிக்கிறார்கள். மொத்தம் இருபத்து மூன்று குறைகள்.

மாமா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு எதுக்குடா குடுத்த?"

"தாள் நல்லா இருக்கு, பத்து. அட்டைக்கு ஆறு. எழுத்துப்பிழை கம்மி, பதினஞ்சு."

"கதைக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா."

அம்மா சமையலறையிலிருந்து, "டேய், கதைக்கும் ஒரு அஞ்சு மார்க் போட்டுத் தொலையேன்" என்றாள். அம்மாவுக்கு இதில் என்ன அக்கறை என்று எனக்கு எரிச்சல் வந்தது. மாமாவோ, "வுடுக்கா, கேட்டது நான்தான" என்று சொல்லி, சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். ஒன்பது நாவல், மார்க், குறைகள் என்று அத்தனையும் என் கையெழுத்தில் கடை முகப்பில் தொங்கியது.

சேஃப்டி ஷூக்காரர் அதைத்தான் படித்துக்கொண்டு நின்றார். பிறகு பின்னால் திரும்பி, "டேய், இங்க வா. பதினேழாவத படி" என்று கூட வந்தவரைக் கூப்பிட்டார். அவர் உரக்கப் படித்தார்.

"நிலாவுக்குப் போயும் கதாநாயகன் பதினெட்டு வருடம் காண்ட்ராக்டிலேயே இருக்கிறான். இது நம்பும்படி இல்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்க ஒரு நிமிடம் ஆயிற்று.

"நீயா தம்பி எழுதின? எந்த பிளாக்கு?"

சொன்னேன்.

"அப்பா பெர்மனென்ட்டா?"

"ஆமாங்க."

"அதான்" என்று சொல்லி, ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள். என் அப்பா பெர்மனென்டாக இருப்பதற்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் விளக்கவில்லை.

மறுநாள் ஆறு பேர். அதற்கு மறுநாள் ஒன்பது பேர். ஷிப்ட் முடிந்து கூட்டமாக வருவார்கள். நேரே பதினேழாவது குறைக்குப் போவார்கள். ஒருவர் படிக்க, மற்றவர்கள் "நம்பும்படி இல்லையாம்பா" என்று தோளில் தட்டிக்கொள்வார்கள். தொண்ணூற்று நான்கு மார்க் நாவல் ஐந்து பிரதிகள் கண்ணெதிரே இருந்தன. விற்றது ஒன்று. அதையும் வாங்கிப்போனவர் மறுநாள் கொண்டுவந்து, முப்பத்தொன்றுக்கு மாற்றிக்கொண்டார். நான் மார்க் போட்டது எதற்கு? இருபத்தாறு நாள் எதற்கு? மாமா ஒவ்வொருவரிடமும் சில்லறை கொடுத்து, படிக்கும்போது கூடவே நின்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போலக் கேட்டார். என் உழைப்பை வைத்து மட்டமான சரக்கைத் தள்ளும் வியாபாரி என்று முடிவு கட்டினேன்.

எட்டாம் நாள், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, மாமா வருவதற்கு முன்பே போய், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் மார்க் போட்டேன். தொண்ணூற்று நான்கை அடித்துப் பன்னிரண்டு ஆக்கினேன். கிணறு ஆழம் போதாது, கயிறு பலமில்லை என்று பதினாறு குறைகளை இட்டுக்கட்டி எழுதினேன். குறைந்த மார்க்தானே விற்கிறது, விற்கட்டும். மாலைவரை அதை ஏழு பேர் படித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கையை நீட்டிய ஒரு சிறுமியை அவள் அம்மா, "வேணாம்மா, பன்னெண்டு மார்க்காம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

மாமா அதைக் கவனித்தபோது கூட்டம் குறைந்திருந்தது.

"இன்னாடா இது?"

"கம்மி மார்க் போட்டாதான வாங்கறாங்க?"

"மார்க்குக்கா வாங்கறாங்க?"

"பின்ன எதுக்காம்?"

மாமா ஸ்கெட்ச் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். "நான் மாத்தமாட்டன்னு சொல்லியிருக்கன். நீயே மாத்து."

மாற்றினேன். ஒன்பதாம் நாள் முப்பத்தொன்று அறுபது பிரதிகளும் தீர்ந்துபோயின. கடைசி நாள் மதியம் என் உண்டியலை உடைத்துக் கொண்டுபோய், தொண்ணூற்று நான்கு ஐந்தையும் நானே வாங்கினேன். ஐந்து விற்றால் இரண்டாம் பாகத்துக்கு இருநூற்றுத் தொண்ணூற்றைந்துதானே பாக்கி என்று கணக்குப் போட்டேன். அது இன்னும் வரவில்லை. அந்தப் பெண் இன்னும் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

நிலாச் சுரங்க நாவலின் அட்டையில் இருந்தது புனைபெயர். எழுதியவர் மாமா என்று அம்மா எனக்குச் சொன்னது என் பத்தொன்பதாவது வயதில். அந்தக் கண்காட்சி நடந்த வருடம் மாமா காண்ட்ராக்டில் சேர்ந்து சரியாகப் பதினெட்டு வருடம். பக்கத்தை எண்ணினேன், குறையை எண்ணினேன், கடைக்கு வந்தவர்களை எண்ணினேன். பக்கத்தில் நின்றவருடைய வருடங்களை எண்ணத் தோன்றவில்லை.

அவரிடம் ஒரு பிரதி கேட்டேன். அவரிடமே இல்லை. மறுபடி அச்சடிக்கலாமே என்றதற்கு, "முப்பத்தோரு மார்க் புக்குக்கு எதுக்குடா ரெண்டாம் பதிப்பு" என்று சிரித்தார். கடைசியில் கடலூரில் ஒரு பழைய புத்தகக்காரரிடம் கிடைத்தது. பின்னட்டையில் நூற்றிருபது என்று அச்சிட்டிருந்தும், மனசாட்சியே இல்லாமல் முந்நூற்றைம்பது வாங்கினார். அந்த ஐந்து பிரதிகளுக்குக் கழிவு போக நான் கொடுத்த அறுநூற்று முப்பதையும் சேர்த்து, மொத்தம் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.