நேர்ந்து விட்ட குஞ்சு

வாக்குக் கொடுப்பது ஜெயபாலனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுக்குச் சாயம் அடிக்கிறேன் என்றான். பாதிச் சுவரோடு நிற்கிறது. குடியை விட்டுவிட்டேன் என்று மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அந்த வார இறுதியிலேயே தள்ளாடிக்கொண்டு வந்தான். எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் பஸ் ஓட்டுகிற வேலையை உதறியபோது, "பாலத்து ஜாம் ஒடம்புக்கு ஒத்துக்கல. சொந்தத் தொழில் செஞ்சி ஒன்ன ராணி மாதிரி வச்சிக்கிறேன்" என்று மனைவியிடம் சொன்னான். ராணி இன்னும் தெப்ராவ் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் போய் வந்துகொண்டிருக்கிறாள். ராணியின் பெயர் ஷாமளா.

சொந்தத் தொழில் என்பது கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி வளர்ப்பு. யாரோ கழித்துக் கட்டிய இன்குபேட்டர் ஒன்றை வாங்கி வந்து உலு திராமில் இருக்கும் வீட்டின் சமையலறையில் வைத்தான். முட்டைகளைத் தினமும் புரட்ட வேண்டும் என்பது, அவன் கைபேசியில் பார்த்த வீடியோவில் அவன் தூங்கிப்போன பிறகு வந்ததோ என்னவோ, அவன் புரட்டவே இல்லை. எல்லாம் கூழ்முட்டையாகி ஒன்றே ஒன்றுதான் ஓட்டைக் கொத்தியது. அதையாவது சும்மா விட்டானா? உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஓட்டைப் பிய்த்து வெளியே இழுத்தான். ஈரமும் ரத்தமுமாக, கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாய் விரிந்து, கழுத்தைத் தூக்கக்கூட வக்கில்லாமல் வந்து விழுந்தது குஞ்சு.

அப்போது அவன் பதறியதைப் பார்க்க வேண்டுமே! குஞ்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, ரப்பர் தோட்டம் அழிந்து வீடுகள் வந்த பிறகும் வீடுகளின் ஓரத்தில் நிற்கும் முனியாண்டி கோயிலுக்கு ஓடினான். "சாமி, இது பொழச்சா பெரிசாக்கி ஒனக்கே குடுத்துடுறேன்" என்று நேர்ந்துகொண்டான். வெட்டுவதற்காகப் பிழைக்க வை என்று ஒரு வேண்டுதல்! பின்னாலேயே வந்த ஷாமளாவுக்குச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. வீடு திரும்பியதும் குஞ்சைச் சமையலறை மேசையில் வைத்தான். "கொஞ்சம் பாத்துக்க லா, எனக்கு ஒரே அசதி" என்று சொல்லிப் படுக்கப் போனான்.

ஷாமளா அந்தக் குஞ்சை வெறுப்பாகத்தான் பார்த்தாள்.

"அலமாக், நீயும் அந்த ஆளு மாதிரிதானா? ஒன்னையும் நான்தான் தூக்கி நிறுத்தணுமா? சாகறதா இருந்தா சட்டுனு செத்துரு. எனக்கு வேல இருக்கு."

அது சாகவில்லை. இன்குபேட்டரோ தன் கடமை முடிந்தது என்று அணைந்துபோயிருந்தது. அவள் ஒரு பிஸ்கட் பெட்டியில் பழைய சட்டையை விரித்துக் குஞ்சைக் கிடத்தி, மேலே மேசை விளக்கைச் சாய்த்து வைத்தாள். கண்மருந்துக் குப்பியைக் கழுவி, சீனித் தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தாள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும் என்று பிள்ளை வளர்த்தவளுக்குத் தெரியாதா? விரிந்த கால்களைச் சேர்த்து நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, பிளாஸ்டரால் ஒட்டினாள். தொழிற்சாலைக்குப் போன் செய்து, வீட்டில் ஒருத்தருக்கு முடியவில்லை என்று லீவு கேட்டாள். புருஷனுக்கு என்று நினைத்து மேற்பார்வையாளர் அனுதாபப்பட்டார். அவனுக்காக அவள் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

பிளாஸ்டரைப் பிரித்த அன்று குஞ்சு தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்றது. "நிக்கத் தெரிஞ்சிச்சா கழுத?" என்று திட்டினாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஒரு கோழிக்குஞ்சுக்காகக் கலங்குகிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு காலை லேசாக இழுத்தபடியே அது செந்நிறச் சேவலாக வளர்ந்தது. அவளுடைய கார் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வரும். ஜெயபாலனைக் கண்டால் கால் விரலைக் கொத்தும். அந்தப் புத்திசாலித்தனத்துக்காகவே அவளுக்கு அதன் மேல் மரியாதை வந்தது.

கோயில் திருவிழா வந்தது. "சாமிக்குக் குடுத்த வாக்கு. மீற முடியாது" என்றான் ஜெயபாலன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. வாழ்நாளில் அவன் காப்பாற்ற முடிவு செய்த முதல் வாக்கு இதுதான். ஷாமளாவும் தோட்டத்தில் பிறந்தவள். முனியாண்டி என்றால் பயம். புருஷனை அலட்சியம் செய்வதுபோல அந்தச் சாமியை அலட்சியம் செய்ய அவளால் முடியாது. சேவலையும் சாகக் கொடுக்க முடியாது.

அந்தக் கோயிலில் ஒரு முறை இருந்தது. வளர்த்தவர் தம் கையாலேயே நீட்டி, மனசாரக் கொடுத்தேன் என்று சொன்னால்தான் பூசாரி வீரமுத்து கத்தியைத் தொடுவார். ஜெயபாலன் சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் விபூதி பூசிக்கொண்டு, திமிறும் சேவலை நீட்டினான்.

"மனசாரக் குடுத்தேன் சாமி!"

"நீங்களா வளத்தீங்க?" என்று கேட்டார் பூசாரி.

"என் வீட்டுக் கோழிதான் ஐயா."

"யாரு வளத்ததுன்னு கேட்டேன்."

ஜெயபாலன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். தான் போட்டு உடைப்பதையெல்லாம் இவள் எடுத்து ஒட்டிவிடுவாள் என்று பழகிப்போன பார்வை. "சொல்லு லா" என்றான்.

ஷாமளா சாமியின் உருட்டிய கண்களைப் பார்த்தபடி முன்னால் வந்தாள்.

"நான்தான் வளத்தேன். நான் ஒங்கிட்ட எதுவும் கேக்கல சாமி. அதனால எதுவும் குடுக்கல."

அவன் கையிலிருந்து சேவலைப் பிடுங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"சாமி குத்தம் ஆயிடும் ஷாமளா!"

"நேந்துக்கிட்டது நீங்க. சாமிக்கு ஆளு அடையாளம் தெரியும்."

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப வேற சேவல் கொண்டாங்க. பாசார் கடைங்க தொறந்துதான் இருக்கு."

ஷாமளா அதற்குள் காரை நெருங்கிவிட்டாள். சாமிக்கு முன்னால் இப்படிப் பேசிவிட்டோமே என்ற பயத்தில் கதவைத் திறக்காமல் நின்றாள். பின்னால் ஜெயபாலனின் குரல் கேட்டது.

"வெயிலு ரொம்ப கடுமையா இருக்கு ஐயா. அடுத்த வாரம் கண்டிப்பா கொண்டாந்துடுறேன். சாமி மேல சத்தியம்!"

அவளுடைய பயம் போயிற்று; கதவைத் திறந்தாள். இத்தனை வருஷம் தான் கேட்ட சத்தியங்களை இனிமேல் முனியாண்டியும் கேட்டுக்கொண்டு கிடக்கட்டும் என்று, சேவலைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துவிட்டு அவள் காரை எடுத்தாள்.