மூன்று நிமிட ட்ரங்க் கால்

காரைக்குடியில் நான் டைப்பிஸ்டாக இருந்த மில் அலுவலகத்துக்குப் புது டெலிபோன் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எழுபதுகளின் தொடக்கம். பழைய கறுப்புப் போனில் எடுப்பது, பேசுவது, வைப்பது தவிர வேறு வேலை இல்லை. புதியது சாம்பல் நிறம். எண் சுழற்றும் வட்டுக்குக் கீழே நான்கு பொத்தான்கள். ஒன்று வெளி லைனுக்கு, ஒன்று மானேஜர் அறைக்கு, ஒன்று மெஷின் ஷெட்டுக்கு. நான்காவதை அழுத்தினால் வெளியே இருப்பவரைக் காத்திருக்க வைத்துவிட்டு உள்ளே பேசலாம். மானேஜர் பேசிக்கொண்டிருந்தால் சின்ன ஜன்னல் ஒன்றில் வெள்ளைத் தகடு எட்டிப் பார்க்கும்.

அது வந்ததிலிருந்து ஒரு கடிதத்தைக்கூட என்னால் நிம்மதியாக அடிக்க முடியவில்லை. மணி அடித்தால் பதறினேன். அடிக்காவிட்டால், அடித்து எனக்குக் கேட்காமல் போய்விட்டதோ என்று பதறினேன். எனக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் சீழ் வைத்துப் போனது. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. போனை மேஜையின் இடது பக்கம் வைத்திருந்தார்கள். மாற்றி வைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் ரிசீவரை இடது கையால் எடுத்து, முகத்துக்குக் குறுக்கே வலது காதுக்குக் கொண்டுபோவேன். சுருள் வயர் மோவாயில் உரசிக்கொண்டே இருக்கும்.

"நாமளா எதையும் சொல்லிக்க வேணாம்" என்பாள் அம்மா. "யாராச்சும் கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

அந்த ஆவணியில் திருச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அமராவதிபுதூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இடது காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி அம்மா என்னை உட்கார வைத்தாள். பிடித்திருக்கிறது, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனார்கள். வேலை பார்க்கும் இடத்தில் விசாரிக்க வேண்டுமென்றால் கேளுங்கள் என்று அப்பா மானேஜர் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தார். அது எனக்குத் தெரியாது.

நாலைந்து நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும். போன் அடித்தது. "திருச்சி ட்ரங்க் கால், பேசுங்க" என்றார் எக்ஸ்சேஞ்சுக்காரர். அப்புறம் ஒரு பெண்ணின் குரல். மானேஜரைக் கேட்டாள். அவர் பெல்ட் அறுந்துவிட்டதென்று ஷெட்டுக்குப் போயிருந்தார். அவளைக் காத்திருக்க வைத்து ஷெட் பொத்தானை அழுத்தினேன். எடுப்பார் இல்லை. மெஷின் சத்தத்தில் அங்கே எவருக்குக் கேட்கும்? மறுபடி அழுத்தினேன். வெளியூர்க் கால், மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் காசு கூடுமே என்று எனக்குத்தான் வியர்த்தது.

அவளிடம் திரும்பி, "ஷெட்ல இருக்காருங்க. எடுக்கலை" என்றேன்.

"நீங்க அங்க வேலை பாக்குறவங்கதானே? அப்ப உங்ககிட்டயே கேக்குறேன். உங்க ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு இருக்கே" என்று என் பெயரைச் சொன்னாள். "என் தம்பிக்குப் பாத்திருக்கோம். நல்ல பொண்ணுதானா?"

"ம்" என்றேன்.

"அதுக்கு ஒரு காது கேக்காதுன்னு ஒருத்தங்க சொல்றாங்க. தம்பிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் நிஜமான்னு கேட்டுக்கிட்டா மனசு நிம்மதியாயிடும். சும்மா சொல்லுங்க, நீங்க சொன்னீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் குரல் நல்ல குரலாக இருந்தது. அந்த வீட்டில், அவளோடு பேசும்போதெல்லாம் இடது காது சுவர்ப் பக்கம் வரும்படி பார்த்து உட்கார வேண்டியிருக்கும் என்று தோன்றியது. எத்தனை வருஷத்துக்கு?

"நிஜந்தாங்க. இடது காது கேக்காது. நாந்தான் அந்தப் பொண்ணு."

எக்ஸ்சேஞ்சுக்காரர் குறுக்கே வந்தார். "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

"வேணாம்" என்றாள் அவள்.

அன்று ஒரே கடிதத்தை மூன்று முறை தப்பாக அடித்தேன். வீட்டில் சொல்லவில்லை. அடுத்த பத்து நாளும் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிட்டேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார மனம் வராது. கடைசியில் வீட்டுக்குத் தபால் வந்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் சரியில்லையாம்.

அதோடு முடிந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் காது விஷயத்தை அடுத்த வீட்டு அத்தைதான் சொல்லியிருப்பார் என்று அம்மா சந்தேகப்பட்டாள். அத்தைக்குத் திருச்சியில் சொந்தக்காரர்கள் உண்டு. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அம்மா அவரைப் பார்க்காததுபோல் வந்துவிட்டாள். அத்தை வாசலுக்கே வந்து கேட்டார்.

"என்ன மதினி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறீக? நான் என்ன செஞ்சேன்?"

அம்மா உள்ளே போய்விட்டாள். அத்தை திரும்பிப் போனார்.

மறுநாள் காலை, அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தை நிறுத்தினாள்.

"அவுக கேட்டாகளா?"

"கேட்டாகம்மா."

"வேற ஆளுன்னு நெனச்சுத்தானே கேட்டாக. வேற ஆளாவே பேசிட்டு வச்சிருக்கலாமுல்ல."

அவள் நெடுநேரம் புடைத்ததையே புடைத்தாள். அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. திருச்சிக்கு யார் சொல்லியனுப்பியது என்று இன்றுவரை தெரியாது. அத்தையாகவேகூட இருந்திருக்கலாம்.

தை பிறந்ததும் கீழச்சிவல்பட்டியிலிருந்து பார்க்க வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு வருவதற்குள் கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "பொண்ணுக்கு எடது காது கேக்காது. மொதல்ல அதத் தெரிஞ்சுக்கங்க. அப்பறம் பலகாரம் சாப்பிடுங்க." தட்டில் காப்பி சிந்திவிட்டது. அவர்கள் பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள், பதில் வரவில்லை. அதற்கடுத்து வந்தவர்களிடமும் அம்மா அதையே, அதே குரலில் சொன்னாள். அந்த மாப்பிள்ளை எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தார்.