மானிட்டரில் ஒரு கிரிவலம்

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் எனக்கு ரிசப்ஷன் வேலை. ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் திரை முழுக்க எங்கள் ஊர் அண்ணாமலை. அதன் மேல் ஒரு ஐகானும் இல்லை. மலைதான் சுவாமி, சுவாமி தலையில் எதையும் வைக்கக் கூடாதாம். எட்டு ஐகான்களையும் கிரிவலப் பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்கள் மாதிரி மலையைச் சுற்றி அடுக்கி, எட்டுக்கும் ஒரே லிங்கப் படத்தைப் போட்டு, அடியில் இருந்த பெயர்களையும் எடுத்துவிட்டிருந்தார் மேனேஜர். அறைப் பதிவுக்கு இந்திர லிங்கம், பில்லுக்குக் குபேர லிங்கம், அழித்த ஃபைல்களுக்கு எம லிங்கம். ஒழுங்காக ஒரு பில் போடத் தெரியாத மனுஷருக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்திருக்கிறது.

"பேராவது இருக்கட்டுமே சார்" என்றேன்.

"எந்த லிங்கம் எங்க இருக்குதுனு தெரியாதவங்க இந்த ஊர்ல இருக்காங்களாம்மா?" என்றார். பக்தி இல்லாதவளைப் பார்க்கிற பார்வை வேறு.

பௌர்ணமிக்கு மறுநாள் நான் லீவு. அறையைக் காலி செய்கிறவர்கள் பில்லுக்காகக் கவுண்டரை மொய்க்க, மேனேஜர் எனக்குப் போன் செய்தார்.

"குபேர லிங்கம் எந்தப் பக்கம்மா இருக்குது?"

எனக்கு ஆச்சரியமே இல்லை. மாசம் தவறாமல் கிரிவலம் போகிறவர்தான். காரில் ஏறினால், அடி அண்ணாமலை வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். குபேர லிங்கம் அதைத் தாண்டித்தான் இருக்கிறது.